பிரானூர் பார்டரும் செங்கோட்டை ஸ்டேஷனும்: ஒரு லைன் ஏன் எட்டு வருஷம் மூடிக் கெடந்துச்சு

குற்றாலம் சீசனுக்கு வர்ற வெளியூர்க்காரங்க முக்கால்வாசிப் பேரு குளிச்சு முடிச்ச கையோட பிரானூர் பார்டருக்கு பரோட்டா சாப்பிட வந்துருவாங்க. சாப்பிட்டுட்டு என்கிட்ட கேட்டவங்க நெறய பேரு, "ஏங்க இங்க பார்டர் எங்க இருக்கு, கேரளா பார்டர் புளியரையத் தாண்டி மலை மேலல்ல இருக்கு, இத ஏன் பார்டர்ன்றீங்க?" நியாயமான கேள்விதான். பதில் என்னன்னா அது பழைய பார்டர். 1956 நவம்பர் 1 வரைக்கும் தென்காசி மெட்ராஸ் மாநிலம், எட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்க செங்கோட்டை திருவிதாங்கூர் (1949க்கு அப்புறம் திருவிதாங்கூர்-கொச்சி). எல்லை இந்த பிரானூர் வழியாத்தான் போச்சு. அன்னைக்கு எல்லை மேற்க மலைக்கு நகர்ந்துருச்சு, பேரு மட்டும் இங்கயே தங்கிருச்சு, அது மேல பரோட்டாக் கல்லப் போட்டுட்டாங்க.

பரோட்டாவ விடுங்க, நான் சொல்ல வந்தது செங்கோட்டை ரயில்வே ஸ்டேஷனப் பத்தி. அந்த ஸ்டேஷனப் புரிஞ்சுக்கணும்னா இந்த நகர்ந்து போன எல்லையில இருந்துதான் ஆரம்பிக்கணும், அதனாலதான் இவ்ளோ முன்னுரை.

எங்க ஊர்ப் பக்கம் இந்த ஸ்டேஷன் கதையக் கேட்டா எல்லாரும் ஒரே மாதிரி சொல்வாங்க. நல்லா ஓடிட்டு இருந்த கொல்லம் வண்டிய கேஜ் (தண்டவாள அகலம்) மாத்துறோம்னு 2010ல நிறுத்தினாங்க, 2018 வரைக்கும் விடல, அந்த எட்டு வருஷத்துல ஸ்டேஷனே செத்துப் போச்சு, இதான் கதை. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நெனச்சேன். ஆனா வருஷக் கணக்க வரிசையா வச்சுப் பாத்தா வேற ஒண்ணு தெரியுது. 2010ல நின்னது ஏற்கனவே அம்பது வருஷமா கொஞ்சம் கொஞ்சமா ரத்தம் போயிட்டு இருந்த ஒரு லைன். கடைசி அடி மட்டும்தான் நம்ம கண்ணுல பட்டுச்சு.

வாசலா இருந்த காலம்

ஸ்டேஷனோட கோட் எஸ்சிடி. இதுல செங்கோட்டை எங்க இருக்குன்னு சின்ன வயசுல டிக்கெட்டப் பாத்து மண்டையச் சொறிஞ்சிருக்கேன். வெள்ளைக்காரன் இந்த ஊர ஷென்கோட்டான்னு எழுதினான், அதுல இருந்து எடுத்த மூணு எழுத்து. கொல்லத்துக்கும் இன்னைக்கு வரைக்கும் க்யூஎல்என்தான், க்விலான்ற பழைய பேரோட மிச்சம். இந்த ரெண்டுக்கும் நடுவுல 94 கிலோமீட்டர்.

லைன் ஒரே மூச்சுல வரல. தென்னிந்திய ரயில்வே கம்பெனி திருநெல்வேலில இருந்து கல்லிடைக்குறிச்சி வரைக்கும் 1902ல, அங்கருந்து செங்கோட்டை வரைக்கும் 1903ல கொண்டு வந்துச்சு. அந்தப் பக்கம் கொல்லத்துல இருந்து புனலூர் வரைக்கும் 1904 ஜூன்ல வண்டி ஓட ஆரம்பிச்சிருச்சு. நடுவுல கெடந்தது மலை. புனலூர்–செங்கோட்டை 49 கிலோமீட்டர், 1904 நவம்பர் 26ல தொறந்தாங்க. அப்ப திருவிதாங்கூர்ல மூலம் திருநாள் மகாராஜா ஆட்சி. பாருங்க, ரெண்டு பக்கமும் சமவெளி முடிஞ்சு நடுவுல இருந்த மலைத் துண்டுதான் கடைசியா வந்துச்சு. இத ஞாபகம் வச்சுக்கோங்க, நூறு வருஷம் கழிச்சு இதே கதை திரும்ப வரும்.

சரி, தலைநகர் திருவனந்தபுரம், அத விட்டுட்டு ஏன் கொல்லத்துக்கு ரயில் போட்டாங்க? கொல்லம் வியாபாரத் துறைமுகம், மில்லு, ஓட்டுக் கம்பெனி, கயிறுன்னு சரக்கு இருந்த எடம். சரக்கு இருக்க எடத்துக்குத்தான் கம்பெனிக்காரன் தண்டவாளம் போடுவான், ராஜா இருக்க எடத்துக்கு இல்ல. அதோட ஆரியங்காவுக் கணவாய் ரயிலுக்கு முன்னாடியே பொதி மாடும் வண்டியும் போய் வந்த பழைய பாதை. மேற்குத் தொடர்ச்சி மலை அங்கதான் கொஞ்சம் தலை குனிஞ்சு நிக்கும். திருவனந்தபுரத்துக்கு ரயில் 1918லதான் வந்துச்சு, அதுவும் கொல்லத்துல இருந்து நீட்டுனது. அது வரைக்கும் தலைநகர்க்காரன் மெட்ராஸ் போகணும்னா கால்வாய்ல வள்ளத்துலயோ ரோட்டுல வண்டிலயோ கொல்லம் வந்து அங்க ரயில் ஏறணும். ஏறுனா அடுத்து? செங்கோட்டைதான்.

இதுதான் முக்கியமான விஷயம். 1904ல இருந்து 1950கள் வரைக்கும், அம்பது வருஷத்துக்கு மேல, தெற்குத் திருவிதாங்கூர்ல இருந்து ரயில்ல வெளிய போக இருந்த ஒரே வாசல் செங்கோட்டை. திவான் போனாலும் இதே வழி, வக்கீல் போனாலும் இதே வழி, மெட்ராஸ்ல படிக்கப் போற பையன் போனாலும் இதே வழி. ஊருக்குள்ள வந்தா சின்ன ஊரு, ஆனா ஸ்டேஷன் சின்ன ஸ்டேஷன் இல்ல. ஒரு சமஸ்தானத்தோட கடைசி ஸ்டேஷன், அடுத்தது தென்காசி, பிரிட்டிஷ் இந்தியா. 1927ல விருதுநகர்–தென்காசி லைன் வந்ததும் மெட்ராஸ் வண்டிக்கு திருநெல்வேலி, மணியாச்சின்னு சுத்த வேண்டிய அவசியமும் போச்சு, நேரா ராஜபாளையம் வழியா மேல போயிரலாம். செங்கோட்டைக்கு நல்ல காலம்னா அந்த 1927க்கு அப்புறம் வந்த முப்பது வருஷம்தான்னு நான் சொல்வேன்.

எங்க ஆச்சிக்குப் பொறந்த வீடு புனலூர். கல்யாணமாகி இங்க வந்தப்ப அதுக்கு இது வெளியூரே இல்ல, ஒரே ராஜ்யம், ஒரே ராஜா, காசு கூட ஒரே திருவிதாங்கூர் சக்கரம்தான். "தென்காசிக்குப் போறதுதாம்ல வெளிநாடு, புனலூரு பக்கத்து வீடு" அப்படின்னு சொல்லும். சாகுற வரைக்கும் சண்டை வந்தா மலையாளத்துலதான் திட்டும், கொஞ்சினா தமிழ்.

வாஞ்சிநாதன் கதையும் இந்த லைனுக்குள்ளதான் வருது. செங்கோட்டையில பொறந்தவரு, வேலை பாத்தது புனலூர்ப் பக்கம் திருவிதாங்கூர் வனத்துறையில. 1911 ஜூன் 17ல மணியாச்சி ஜங்ஷன்ல ரயில் பெட்டிக்குள்ள உக்காந்திருந்த திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்டுட்டு தானும் சுட்டுக்கிட்டாரு. அந்த ஸ்டேஷனுக்கு இப்ப வாஞ்சி மணியாச்சின்னு பேரு. சொந்த ஊர் ஸ்டேஷனுக்கு அந்தப் பேரு இல்ல, எங்கயோ இருக்க ஜங்ஷனுக்கு இருக்கு. ஊர்ல சிலை இருக்கு, சரி.

எல்லை தாண்டிப் போச்சு

1956ல மாநிலங்களப் பிரிச்சப்போ கன்னியாகுமரிப் பக்கத்து நாலு தாலுகாவோட செங்கோட்டைத் தாலுகாவுல ஒரு பங்கும் மெட்ராஸுக்கு வந்துச்சு. மேற்கப் பக்கம் ஆரியங்காவெல்லாம் கேரளாலயே நின்னுருச்சு. ஆக ஒரு தாலுகாவ மலையோட முதுகு வழியா ரெண்டா கிழிச்சுட்டாங்க. தமிழ் பேசுறவங்க தமிழ்நாட்டோட சேந்தது சரிதான், அதுக்குப் போராடுனவங்க எங்க ஊர்லயே இருந்தாங்க, அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா ஸ்டேஷன் கணக்குல பாத்தா என்ன ஆச்சு? முந்தின நாள் வரைக்கும் திருவிதாங்கூர்ப் பக்கத்து கடைசி ஸ்டேஷன், மறுநாள் தமிழ்நாட்டுப் பக்கத்துல கடைசிக்கு முந்தின ஸ்டேஷன். இப்ப நம்ம பக்கத்துக் கடைசி பகவதிபுரம். அதத் தாண்டி நீள சுரங்கம், உள்ள போறப்ப தமிழ்நாடு, வெளிய வந்தா ஆரியங்காவு. கட்டடமும் மாறல, தண்டவாளமும் மாறல, 1951லயே எல்லாம் தெற்கு ரயில்வேக்குள்ள போயிருச்சு, அதனால ஸ்டேஷன் மாஸ்டர் கூட மாறியிருக்க மாட்டாரு. எல்லை மட்டும் கிழக்க இருந்து கிளம்பி ஸ்டேஷனத் தாண்டி மேற்க போயி உக்காந்துருச்சு.

குற்றாலத்துல திருவிதாங்கூர் ராஜா கட்டுன அரண்மனை ஒண்ணு இருக்கு, அது இன்னும் கேரள அரசாங்கத்தோட சொத்து. தமிழ்நாட்டுக்குள்ள ஒரு துண்டு கேரளா. அந்தக் கேட்டத் தாண்டிப் போறப்பலாம் எனக்கு ஆச்சி ஞாபகம்தான் வரும்.

ஆனா 1956 எல்லை மாத்தம் ஸ்டேஷனக் கொல்லல. வண்டிக்கு எல்லை தெரியாது. கொன்னது அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு நடந்தது. எர்ணாகுளத்துல இருந்து கோட்டயம் வரைக்கும் 1956ல லைன் வந்துச்சு, கோட்டயத்துல இருந்து கொல்லம் வரைக்கும் 1958 ஆரம்பத்துல. அவ்ளோதான், ஒரே வாசல்ன்ற பட்டம் அன்னைக்கே போச்சு. கேரளாக்காரனுக்கு கேரளாக்குள்ளயே வடக்க போக வழி கிடைச்சிருச்சு. இங்க யாரும் அத ஒரு அடியா உணரல, ஏன்னா அந்த எர்ணாகுளம் லைனும் அப்ப மீட்டர் கேஜ்தான், நம்ம லைனும் மீட்டர் கேஜ், மெட்ராஸ் போற மெயில் வண்டி வழக்கம் போல ஓடிட்டுத்தான் இருந்துச்சு.

ரெண்டாவது அடி 1976. எர்ணாகுளம்–கொல்லம்–திருவனந்தபுரம் பிராட் கேஜ் ஆச்சு. இங்கதான் சங்கதி இருக்கு. மீட்டர் கேஜ்னா ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல 1000 மில்லிமீட்டர், பிராட் கேஜ்னா 1676. ஒண்ணுல ஓடுறது இன்னொண்ணுல ஓடாது. அது வரைக்கும் செங்கோட்டை வழியா போன வண்டி கொல்லத்துல நிக்காம திருவனந்தபுரம் வரைக்கும் போகும். 1976க்கு அப்புறம் கொல்லத்தோட சரி, எறங்கி மாறணும். தலைநகரத்தோட இருந்த நேர்த் தொடர்பு அறுந்துச்சு. மூணாவது அடி அதுக்குப் பின்னாலயே வந்துச்சு, திருவனந்தபுரம்–நாகர்கோவில்–கன்னியாகுமரி 1979ல, திருநெல்வேலி–நாகர்கோவில் 1981ல, எல்லாம் பொறக்கும்போதே பிராட் கேஜ். இப்ப திருநெல்வேலிக்காரனுக்கும் திருவனந்தபுரம் போக மலை ஏறாத ஒரு வழி கிடைச்சாச்சு. மலையச் சுத்திட்டு ஆரல்வாய்மொழி வழியா சமதளத்துல போயிரலாம், அப்புறம் எவன் செங்கோட்டைக்கு வருவான்?

ஆக 1958, 1976, 1981. மூணுலயும் செங்கோட்டையில ஒரு செங்கல்லக் கூட யாரும் தொடல. மூணு முடிவும் வேற ஊர்ல நடந்துச்சு. ஒரு ஸ்டேஷனோட தலையெழுத்து அந்த ஸ்டேஷன்ல எழுதறதில்ல, பக்கத்துல எங்க புதுசா தண்டவாளம் விழுதுன்றதுல இருக்கு. நம்ம ஆளுங்க மனு குடுக்கறப்பலாம் நம்ம ஸ்டேஷனுக்கு கூரை கேக்குறான், பெஞ்சு கேக்குறான், வழித்தடத்தப் பத்தி வாயத் தொறக்க மாட்டான். இது என் ஆதங்கம்.

மீட்டர் கேஜ் கடைசிக் காலம்

நான் அந்த வண்டில போனது எல்லாம் தொண்ணூறுகள்ல. ஸ்கூல் லீவு விட்டா புனலூருக்கு, ஆச்சியோட அண்ணன் வீட்டுக்கு. சின்னப் பெட்டி, மரச்சீட்டு, டீசல் எஞ்சின். எங்க தெருவுல ஒரு அண்ணாச்சி பாயிண்ட்ஸ்மேனா (வண்டிக்கு தண்டவாளம் மாத்தி விடுறவரு) இருந்து ரிட்டயர் ஆனவரு, கரி எஞ்சின் காலத்த அவரு சொல்லணும் நாம கேக்கணும். மலை ஏற முன்னால ஒண்ணு பின்னால ஒண்ணு, முன்னால இருக்கவன் விசில் குடுத்தா பின்னால இருக்கவன் பதில் விசில் குடுக்கணும், ரெண்டும் சேந்தாதான் வண்டி அசையும்.

"அண்ணாச்சி, நம்ம பக்கம் ஏத்தம் கம்மிதான, பின்ன எதுக்கு ரெண்டு எஞ்சின்?"ன்னு ஒரு தடவ கேட்டேன்.

"தம்பி, ஏறுறதுக்கு மட்டுமா எஞ்சினு? அந்தப் பக்கம் எறக்கத்துல புடிச்சு நிறுத்தவும் வேணும்லா. ஏறாம நின்னா பொழைச்சுக்கலாம், எறங்குறப்ப நிக்கலன்னா?" அப்படின்னாரு.

அவரு சொன்னதுதான் இந்த லைனோட மொத்த விஞ்ஞானமும். செங்கோட்டை மலைக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் ஒசரமான தளத்துல இருக்கு, அதனால நம்ம பக்கம் ஏத்தம் சின்னது. சுரங்கம் தாண்டுனா ஆரியங்காவு, எடப்பாளையம், கழுதுருட்டி, தென்மலை, ஒத்தக்கல், எடமண்னு புனலூர் வரைக்கும் இறக்கம், வளைவு, மறுபடி இறக்கம், மறுபடி வளைவு. நடுவுல பதிமூணு கண் பாலம், ரோட்டுல போனா கண்டிப்பா பாத்திருப்பீங்க, கருங்கல்லுல கட்டுன பதிமூணு வளைவு, கீழ ரோடும் ஆறும், மேல ரயிலு. நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, நிக்குது.

கார்த்திகை பொறந்துட்டா அந்த வண்டில மூச்சு விட முடியாது. கருப்பு வேட்டி, இருமுடி, சரணம். ஆரியங்காவு, குளத்துப்புழை, அச்சன்கோவில்னு சாஸ்தா கோயில் எல்லாமே இந்தப் பாதையச் சுத்தி இருக்கு, சபரிமலைக்குப் போறவங்க புனலூர் வரைக்கும் இதுலதான் போவாங்க. ஆரியங்காவு கோயில்ல அய்யனுக்கு நடக்கற கல்யாணத்துக்கு மதுரை சௌராஷ்டிராக்காரங்க பொண்ணு வீட்டுக்காரங்களா சீர் எடுத்துட்டு வருவாங்க, அந்த ஊர்வலமே ஒரு தனி அழகு. சம்பந்தி வீட்டுக்கு நடுவுல மாநில எல்லை வந்து என்ன, அவங்க வந்துட்டுத்தான் இருக்காங்க.

அதே நேரத்துல லைன் இளச்சுக்கிட்டே வந்துச்சு. தமிழ்நாட்டுல மெயின் லைன் ஒவ்வொண்ணா பிராட் கேஜ் ஆக ஆக, மெட்ராஸ் எழும்பூர்ல இருந்து கொல்லம் வரைக்கும் ஒரே மீட்டர் கேஜ்ல வந்த நேர் மெயில் ஓட வழியில்லாமப் போச்சு. மிச்சம் இருந்தது உள்ளூர் பாசஞ்சர். 2004 வாக்குல விருதுநகர் பக்கத்துல இருந்து பிராட் கேஜ் செங்கோட்டைக்கு வந்து பொதிகை எக்ஸ்பிரஸ் கிடைச்சுச்சு, ராத்திரி ஏறிப் படுத்தா காலைல சென்னை. ஊரே கொண்டாடுச்சு. ஆனா அதுக்கு என்ன அர்த்தம்னு யாரும் யோசிக்கல. சென்னை வண்டி இங்கயே முடிஞ்சு இங்கயே திரும்புது, வழியில இருந்த ஸ்டேஷன் இப்ப கடைக்கோடி ஆயிருச்சு. மேற்க போறவன் பெரிய வண்டில இருந்து எறங்கி சின்ன வண்டில ஏறணும், மூட்டை முடிச்சோட.

அந்த எட்டு வருஷம்

இப்பதான் எல்லாரும் பேசுற கட்டத்துக்கு வர்றோம். கொல்லம்–திருநெல்வேலி–திருச்செந்தூர், அதோட தென்காசி–விருதுநகர், மொத்தம் 357 கிலோமீட்டர், இத ஒரே திட்டமா 1997-98ல எடுத்தாங்க. முடிஞ்சது 2018ல. இருபது வருஷம். ஏன் இவ்ளோ நாள்னு கேட்டா காசு ஒதுக்கல, அரசியல், கேரளா லாபி, தமிழ்நாடு அலட்சியம்னு ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. டீக்கடைல நானும் சொல்லியிருக்கேன். ஆனா எந்த வரிசைல முடிச்சாங்கன்னு பாருங்க. விருதுநகர்–செங்கோட்டை 2004க்குள்ள, திருநெல்வேலி–திருச்செந்தூர் 2008, கொல்லம்–புனலூர் 2010 மே, திருநெல்வேலி–தென்காசி 2012, புனலூர்–செங்கோட்டை 2018. சமவெளி எல்லாம் முன்னாடி, மலை கடைசி. 1904ல நடந்த அதே வரிசை! ஒரு வித்தியாசம், அப்ப ரெண்டு பக்கமும் லைன் வந்து ஆறு மாசத்துக்குள்ள மலையும் முடிஞ்சிருச்சு, இப்ப எட்டு வருஷம். அப்ப வெறும் மலை, இப்ப ஓடிட்டு இருந்த பழைய லைன எடுத்துட்டு அதே எடத்துல புதுசு போடணும்.

மலைல கேஜ் மாத்துறதுன்னா தண்டவாளத்தத் தள்ளிப் போடுறதுன்னு நெனச்சிராதீங்க. மீட்டர் கேஜ் பெட்டி சிறுசு, அதுக்கு அளவா தோண்டுன சுரங்கம், அதுக்கு அளவா வெட்டுன பாறை, அதுக்கு அளவா வளைச்ச வளைவு. பிராட் கேஜ் பெட்டி உள்ள நுழையணும்னா சுரங்கத்த அகலமாக்கணும் ஆழமாக்கணும், பாறைய மறுபடி ரெண்டு பக்கமும் செதுக்கணும், பாலத்துக்கு பலம் குடுக்கணும். பதிமூணு கண் பாலத்த இடிக்காம பலப்படுத்தி அதுக்கு மேலயே புது லைன் போட்டாங்க, அதுக்கு ஒரு கும்பிடு. இதெல்லாம் வருஷத்துல பாதி நாள் மழை அடிக்கற எடத்துல. ஜூன்ல தென்மேற்கு, அது முடிஞ்சு மூச்சு விடறதுக்குள்ள ஐப்பசி மழை. மண்ணு சரிஞ்சா செஞ்ச வேலைய மறுபடி செய்யணும்.

அதனால தாமதத்துல எனக்கு பெரிய கோவம் இல்ல. என் கோவம் வேற. மலை வேலை வருஷக்கணக்குல ஆகும்னு தெரிஞ்சும் மாத்து ஏற்பாடுன்னு ஒண்ணும் இல்லாம மூடினாங்களே, அதுதான். 2010 செப்டம்பர்ல கடைசி மீட்டர் கேஜ் வண்டி போச்சு. கூட்டம்னா கூட்டம், மாலை போட்டாங்க, பழைய எஞ்சின் டிரைவர்ங்க சில பேரு அழுதாங்க. நான் அப்ப வெளியூர்ல வேலைல இருந்தேன், தம்பி போன்ல சொன்னான், "அண்ணே, எல்லாரும் போட்டோ எடுக்கான், நாளைக்கு புனலூருக்கு எப்படிப் போவான்னு ஒருத்தனும் கேக்கல". எப்படிப் போனாங்க? பஸ்லதான். புளியரை எஸ் வளைவுல லாரிக்குப் பின்னால லாரி, சரக்கு லாரி ஒண்ணு மலைல மக்கர் பண்ணா ரெண்டு மணி நேரம் அங்கயே. திருவனந்தபுரம் கேன்சர் ஆஸ்பத்திரிக்குப் போற நோயாளிங்க இந்தப் பக்கத்துல நெறய, கீமோ போட்டுட்டு அந்த வளைவுல பஸ்ல உக்காந்து வர்றவங்களப் பாத்திருக்கேன், அதப் பத்தி விரிவா எழுத மனசு வரல. ரயில்ல போணும்னா திருநெல்வேலி போயி நாகர்கோவில் வழியா, தலையச் சுத்தி மூக்கத் தொடுற கதை. அதுலயும் திருநெல்வேலி–தென்காசி லைனே 2012 வரைக்கும் ரெடி இல்ல.

ஒரு தடவ கொல்லம் பக்கம் ஒரு ஆபீஸ்ல லைன் எப்ப வரும்னு வாய விட்டுக் கேட்டுட்டேன், அது உங்க பக்கம்னு சொன்னாங்க. இங்க வந்து கேட்டா அது அவங்க பக்கம். நிஜத்துல இந்த மலை லைன் முழுக்க மதுரைக் கோட்டத்துக்குள்ள வருது, அதாவது கேரளாக்குள்ள இருக்க ஸ்டேஷன்கள நிர்வாகம் பண்றது மதுரை. கேரளாக்காரனுக்கு அது கேக்க ஆளில்லாத லைன், தமிழ்நாட்டுக்காரனுக்கு அது கேரளா லைன். ரெண்டு வீட்டுக்கு நடுவுல இருக்க முடுக்கு மாதிரி, ரெண்டு பேரும் நடப்பான், கூட்டுறதுக்கு ஆளிருக்காது. இந்தத் தாமதத்துக்கு மலை பாதிக் காரணம்னா இந்த முடுக்குக் கணக்கு மீதின்றது என் கணிப்பு.

2017ல துண்டு துண்டா, இந்தப் பக்கம் செங்கோட்டை–ஆரியங்காவு, அந்தப் பக்கம் புனலூர்–எடமண் தொறந்தாங்க. நடுவுல இருந்த கழுதுருட்டி, தென்மலைதான் கடைசி. 2018 ஜூன் 9 முறையான தொடக்க விழா.

வந்தது பழைய லைனா?

இல்ல. இங்கதான் ஊர்க்காரங்களோட எனக்கு வாக்குவாதம் வரும். வண்டி வந்தா பழைய செங்கோட்டை திரும்பிரும்னு நெனச்சாங்க. சென்னை எழும்பூர்–கொல்லம் வண்டி தெனமும் வந்துச்சு, நல்லது. பாலருவி எக்ஸ்பிரஸ் பாலக்காட்டுக்குப் போகுது, நல்லது. ஆனா பழைய பாசஞ்சருக்கு ஒவ்வொரு ஸ்டாப்புலயும் ஏறி எறங்குன எஸ்டேட் ஜனமும் ஸ்கூல் புள்ளைங்களும் எட்டு வருஷத்துல பஸ்ஸுக்கும் டூவீலருக்கும் போயிட்டாங்க. காய்கறி, பூவு எல்லாம் லாரில புளியரை வழியாவே போகுது, இனி அது ரயிலுக்கு வராது. எட்டு வருஷம் ஒரு பழக்கத்த மாத்த தாராளம்.

மலை மட்டும் அப்படியே இருக்கு. பிராட் கேஜ் வந்தும் அந்த மலைத் துண்டுல வேகம் கட்டுப்பாடு, பெட்டி எண்ணிக்கைக்கும் கட்டுப்பாடு, பின்னால இன்னொரு எஞ்சின். இப்ப மேல கரண்ட் கம்பியும் வந்தாச்சு. அதனால செங்கோட்டைக்கு ஒரு வேலை மிச்சம் இருக்கு, ராஜ்யத்தோட வாசல்ன்ற வேலை இல்ல, எஞ்சின் மாட்டுற வேலை. எனக்கு என்னவோ அது பழைய வேலைய விட கெட்டின்னு தோணுது. ராஜ்யம் போயிருச்சு, எல்லை நகர்ந்துருச்சு, கேஜ் மாறிருச்சு, மலை இருக்க வரைக்கும் வண்டி இங்க நின்னுதான் போகணும். மேற்கொண்டு என்ன கேக்கணும்னா, பகல்ல கொல்லத்துக்கும் செங்கோட்டைக்கும் நடுவுல எல்லா ஸ்டாப்புலயும் நிக்கற வண்டி கூடுதலா கேக்கணும். அதத்தான் இழந்தோம், எக்ஸ்பிரஸ இல்ல.

லைன் தொறந்த மறு வருஷம் ஆச்சியக் கூட்டிட்டு புனலூர் போனேன். தொண்ணூறு நெருங்குது, கண்ணு மங்கல், காது மட்டும் கூர்மை. செங்கோட்டையில வண்டி நின்னுச்சு, பத்து நிமிஷத்துக்கு மேலயே நின்னுச்சு, பெட்டில இருந்த சென்னைக்காரங்க என்னாச்சு என்னாச்சுன்னு எட்டிப் பாத்தாங்க. பின்னால லேசா ஒரு குலுக்கல், எஞ்சின் வந்து மாட்டுன குலுக்கல். அப்புறம் முன்னால ஒரு ஹாரன், பின்னால ஒரு ஹாரன்.

"கரி வண்டி மாதிரி கூவலியே"ன்னுச்சு ஆச்சி. கொஞ்ச நேரம் கழிச்சு, "ரெண்டு எஞ்சினு போட்டிருக்கான் பாத்தியா"ன்னு சொல்லிட்டு ஜன்னல் பக்கமா நகந்து உக்காந்துச்சு.